சூத்தைப் பல்லும் ஐந்து லீற்றர் கானும்

சிறுநீரக மாற்றுக்கு முந்திய பரிசோதனைகளில் என்னை முதலில் மறித்தது இதயமோ நுரையீரலோ அல்ல. பல வருடங்களாகக் கராம்பு எண்ணெய் வைத்துச் சமாளித்து வந்த ஒரு சூத்தைப் பல். மாற்றிய சிறுநீரகத்தை உடல் அந்நியமென்று ஒதுக்காதிருக்க நோயெதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்பதும், அந்த நிலையில் பல்வேரில் ஒளிந்திருக்கும் கிருமியே உயிருக்கு உலை வைக்கலாம் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கின. பிடுங்கும் நாளைக்கூட நாமாகக் குறிக்க முடியவில்லை. டயலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் ஏற்றுவார்கள் என்பதால், அதற்கு மறுநாள்தான் பிடுங்கினார்கள்.

எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய், ஈரல் அழற்சி, எச்.ஐ.வி. என்று மற்றவையெல்லாம் வரிசையாக முடிந்தன. ஒவ்வொன்றும் முடிய, "சோதினை பாஸோ?" என்று மாமி கேட்பார். ஓ.எல். பரீட்சையாக இருந்திருந்தால் நானும் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

உண்மையில் பெரிய பரிசோதனை எனக்கல்ல, சிறுநீரகம் தர முன்வந்த என் தங்கைக்குத்தான். எனக்கு பி, அவளுக்கு ஓ என்பதால் இரத்த வகையில் சிக்கல் இல்லை. திசுப் பொருத்தம் முழுமையாக அமையக் கூடப்பிறந்தவர்களுக்கிடையே நான்கில் ஒரு வாய்ப்புத்தான். எங்களுக்குப் பாதிதான் பொருந்தியது, அதுவே போதும் என்றார்கள். பிறகு, ஒற்றைச் சிறுநீரகத்தோடு அவள் நலமாக வாழ முடியுமா என்று பார்க்க, 24 மணித்தியாலச் சிறுநீரைச் சேகரிக்கச் சொன்னார்கள். காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, மறுநாள் அதே நேரம் வரை ஒரு துளியும் தவறாமல் ஐந்து லீற்றர் கானில் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் நல்லூருக்குப் போகாமல் இருக்காதவள், அந்த வெள்ளி முழுவதும் வீட்டிலேயே இருந்தாள். மறுநாள் கானைத் துணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, பக்கத்திலிருந்த யாரோ ஓர் அம்மா "என்ன பிள்ளை, பாலோ?" என்று கேட்டாராம். "ஓம்" என்று சொல்லிவிட்டாளாம்.

கொழும்பில் என்னை வெளியே இருத்திவிட்டு, என்னைப் பார்க்காத வேறொரு வைத்தியர் அவளோடு தனியாகப் பேசினார். உறுப்பை விற்பதை 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. காசுக்காகவோ வீட்டாரின் நெருக்குதலாலோ அவள் வரவில்லை என்பதை அவர்கள் உறுதிப்படுத்த வேண்டும். நியாயம்தான். ஆனாலும் அந்த முக்கால் மணித்தியாலம், அவள் ஓமென்று சொன்ன நாளில் நான் அவளிடம் எப்படிக் கேட்டேன் என்பதையே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தவளிடம், "என்ன கேட்டவை?" என்றேன்.

"அது எனக்கும் அவைக்கும், அண்ணா. பிளேன்ரீ ஒண்டு வாங்கித் தாங்கோ."

இதற்குமேல் நான் கேட்கவில்லை.

போன வருடம் எனக்கு இரண்டு பை இரத்தம் ஏற்றியிருந்ததால், அவளுடைய உயிரணுக்களைத் தாக்கும் எதிர்பொருள்கள் என் இரத்தத்தில் உருவாகியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தது. இரண்டையும் கலந்து பார்த்தார்கள், நெகட்டிவ். அதுதான் நல்ல முடிவாம். சத்திரசிகிச்சைக்குச் சற்று முன்னர் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். பல் பிடுங்கிய புண் ஆறிவிட்டது. அந்தக் கானைத் தங்கை கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். திரும்பவும் கேட்டால் உதவுமாம்.