இடது கண் முந்திக்கொண்டால்

ஷாட்கன்னில் (ஒரே சுடலில் பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி) பின்குறி, அதாவது கண்ணருகே இருந்து குறி பார்க்க உதவும் பாகம், கிடையாது, அந்த வேலையைச் செய்வது நம் கண்தான். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது கண் ஓங்கியிருந்தால், அதாவது மூளை அந்தக் கண்ணின் பார்வையையே முதன்மையாக எடுத்துக்கொண்டால், குழல் முனையில் குறி பார்க்க இருக்கும் சிறு மணியை அந்தக் கண் பிடித்துக்கொள்ளும், இலக்கான களிமண் தட்டு நேராகத்தான் தெரியும், ஆனால் குண்டுகள் இடப்பக்கம் விலகிப் போகும். இதற்குப் போய் டிராப் (பறக்கவிடும் தட்டுகளைச் சுடும் போட்டி) பழகும் பிள்ளைகளைத் திட்டுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. முதலில் கண்ணைச் சோதியுங்கள்.

ஒரு கண்ணை மூடியும் சுடலாம், ஆனால் பறக்கிற 110 மி.மீ. தட்டைப் பிடிக்கப் பக்கப் பார்வை வேண்டுமே. அதைவிட, காலித் துப்பாக்கியை ஏந்தி நின்று, இடது கண்ணுக்கு மணி தெரிகிற இடம் பார்த்து, கண்ணாடியின் அந்த வில்லையில் விரல்நுனி அளவு மங்கலான டேப் ஒட்டுங்கள், மணி மட்டும் மறையும், மற்றதெல்லாம் தெரியும். புதிதாகத் தொடங்குபவரா? அப்படியானால் இடது தோளுக்கே மாறிவிடுங்கள்.