ட்ரங்குப் பெட்டில கெடந்த கார்டு

4 மார்ச் 2025, செவ்வாய்

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு பக்கத்து வீட்டு அத்தை போன் பண்ணுச்சு, அப்பாவுக்கு நெஞ்சு வலி, வேர்த்து ஊத்துது, ஆட்டோவுல ஏத்தி மதுரைக்குக் கொண்டு போறோம்னு. திருப்பூர்ல இருந்து விடியக்காலைல வந்து எறங்குனேன். ரோட்டோரமா மொதல்ல தெரிஞ்ச தனியார் ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க, அந்த நேரத்துல யாரா இருந்தாலும் அதத்தான் செய்வாங்க. ஹார்ட் அட்டாக், ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி போட்டு உசுரக் காப்பாத்திட்டாங்க. அதுக்கு அந்த டாக்டருக்கு எப்பவும் நன்றி. அட்வான்ஸ் 30,000, சித்தப்பா கட்டிருக்காரு.

5 மார்ச், புதன்

ஆஞ்சியோ, அதான் இதயத்து ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்குற டெஸ்ட், பாத்தாச்சு. ரெண்டு அடைப்பு, குழாய விரிச்சு வைக்கிற சின்ன கம்பிவலை, ஸ்டென்ட்னு சொல்றாங்க, அத வைக்கணும். எஸ்டிமேட் 2,40,000. இன்சூரன்ஸ் இருக்கான்னு கவுன்டர்ல கேட்டாங்க, இல்லன்னேன். முதலமைச்சர் காப்பீடு இங்க எடுக்க மாட்டோம்னு அவங்களே சொல்லிட்டாங்க.

எஸ்டிமேட் தாளை ஒவ்வொரு வரியா படிச்சேன். ஸ்டென்ட்டுக்கு 2017ல இருந்து அரசாங்கம் உச்ச வெல வச்சிருக்கு, அதனால அந்த வரி பெருசா இல்ல, ஐசியூ வாடகை, தியேட்டர், டாக்டர் பீஸ் இதுலதான் தொகை ஏறுது. சைக்கிள் பஞ்சர் ஒட்டுற மனுசனுக்கு 2,40,000 எந்தக் காலத்துல சேரும். அம்மா பேசவே இல்ல, கைல கெடந்த ரெண்டு வளையலையும் கழட்டி என் ஹேண்ட்பேக்குக்குள்ள வச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

ராத்திரி ஊர்ல இருந்து ஆதார், ரேஷன் கார்டு எடுத்துட்டு வரச் சொன்னேன், சித்தப்பா ட்ரங்குப் பெட்டில கெடந்த கவரையே அப்படியே கொண்டு வந்துட்டாரு. அதுக்குள்ள 2009ல அரசாங்கம் குடுத்த கலைஞர் மருத்துவக் காப்பீட்டு கார்டு! அப்ப நான் ஏழாவது, ரெட்டஜடை போட்டு அப்பா பக்கத்துல நிக்கிறேன்.

6 மார்ச், வியாழன்

அந்தக் கார்டு இப்ப செல்லாது. 2012 ஜனவரில திட்டத்த மாத்தி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்னு புதுசா கொண்டு வந்தப்ப மறுபடியும் பதிஞ்சிருக்கணும், எங்க வீட்ல யாரும் பதியல. 13 வருசமா செல்லாத கார்டத்தான் பெட்டில போட்டு வச்சிருந்திருக்கோம். 1800 425 3993க்கு போன் அடிச்சு வெவரம் கேட்டேன், கட்டணம் கெடையாது. குடும்ப வருமானம் வருசத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகும். நான் கல்யாணம் ஆகிப் போயிட்டதால என் சம்பளம் அப்பா ரேஷன் கார்டுல வராது.

கேட்டதுல முக்கியமானது இதுதான்: நாம காச கட்டிட்டு அப்பறம் திரும்ப வாங்குற திட்டம் இல்ல இது. திட்டத்துல இருக்கிற ஆஸ்பத்திரியா இருக்கணும், ஆபரேஷனுக்கு முன்னாடி அப்ரூவல் வாங்கிடணும். ஏற்கனவே கட்டுனது போனதுதான். இத முன்னாடியே தெரிஞ்சிருந்தா செவ்வாக்கெழமையே மாத்திருப்பேன், நெனச்சா வயிறு எரியுது.

மத்தியானம் பஸ் புடிச்சு ஊருக்குப் போயி விஏஓ கிட்ட வருமானச் சான்று. மனுசன் சாப்பாட்டுத் தட்ட ஒதுக்கி வச்சிட்டு கையெழுத்துப் போட்டு சீல் குத்திக் குடுத்தாரு. "அண்ணே கடைல கடனுக்கு எத்தன தடவ பஞ்சர் போட்ருக்கேன், நீ கெளம்பு தாயி"ன்னாரு.

7 மார்ச், வெள்ளி

காலைல கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு கவுன்டர். அப்பா படுக்கைல இருக்காருன்னு ஆஸ்பத்திரி லெட்டரைக் காட்டுனேன், அம்மாவ மட்டும் போட்டோ எடுத்து கைரேகை வச்சு நம்பரைத் தாள்ல பிரிண்ட் போட்டுக் குடுத்தாங்க. அத மடிக்காம நெஞ்சோட புடிச்சுக்கிட்டே வந்துச்சு அம்மா.

டிஸ்சார்ஜ் கேட்டதும் பில் 74,300. வரி வரியா பிரிச்ச பில் வேணும்னு நின்னேன். ரத்த டெஸ்ட் ஒன்னையே ஒரே நாள்ல ரெண்டு தடவ போட்ருந்தாங்க, தெறக்காம திருப்பிக் குடுத்த மருந்தும் பில்லுல இருந்துச்சு. சத்தம் போடல, பேனாவால வட்டம் போட்டு மேனேஜர்கிட்ட வச்சேன், இதுக்கு மேல எங்களால முடியாது சார்னும் சொன்னேன். 61,000க்கு வந்துச்சு. வளையல கந்துக்காரர்கிட்ட வைக்காம கூட்டுறவு பேங்க்ல வச்சோம், வட்டி கம்மி.

சாயந்தரம் ராஜாஜி அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்துனோம். கார்டு இல்லாட்டியும் அவசரம்னா சேத்துக்குவாங்கன்னு அங்க போயிதான் தெரிஞ்சுது. ஆஞ்சியோ சிடிய மறக்காம வாங்கிட்டு வந்திருந்தேன், அதனால மறுபடியும் எடுக்க வேண்டி வரல.

10 மார்ச், திங்கள்

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வெராண்டால பாய் விரிச்சுப் படுத்தோம். கூட்டம் சாஸ்தி, ஒரு சிஸ்டர் எத்தன பேரத்தான் பாப்பாங்க, ஆனா கேட்டதுக்கு ஒருத்தரும் எரிஞ்சு விழல. காலைல அப்ரூவல் வந்துருச்சு, மத்தியானம் ரெண்டு ஸ்டென்ட்டும் வச்சாச்சு. இங்க எங்க கைல இருந்து போனது டீக்கும் இட்லிக்கும் மட்டும். வெளிய வந்ததும் அப்பா கேட்டது, "எம்புட்டு தாயி ஆச்சு?" ஒன்னும் இல்லப்பான்னேன். நம்பல, அம்மாவோட கையப் பாத்தாரு.

13 மார்ச், வியாழன்

வீட்டுக்கு வந்துட்டோம். மாத்திரை ஆஸ்பத்திரிலயே குடுத்தாங்க. ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரைய ஒரு வேள கூட விடக்கூடாதுன்னு டாக்டர் அழுத்திச் சொன்னாரு, கையிருப்பு தீர்ந்தா மக்கள் மருந்தகம், இல்லன்னா போன மாசம் தெறந்த முதல்வர் மருந்தகம், எங்கயாச்சும் வாங்கணும். வளையல ஆடிக்குள்ள திருப்பணும், மாசம் 4,000 நான் அனுப்புறதா சொல்லிருக்கேன்.

சாயந்தரம் பக்கத்து வீட்டு அத்தை ரேஷன் கார்டோட வந்து நின்னுச்சு, அவங்க வீட்லயும் அந்தப் பழைய கார்டுதான் இருக்காம். திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்குற கூட்டமா இருக்கும், அதனால செவ்வாக்கெழம காலைல மொத பஸ்ல கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு விஏஓவப் பாக்கணும்.