நான்கு எண்ணிக்கையில் பர்ப்பி

வெளியே ஓட முடியாத மழைக்காலத்தில், கருவி ஏதுமின்றி வீட்டுக்குள்ளேயே மூச்சு வாங்கவைக்கும் பயிற்சி ஒன்று வேண்டும் என்று, குந்தி, கால்களைப் பின்னே வீசி, மீண்டும் எழும் பர்ப்பியைப் (burpee) பழகத் தொடங்கினேன். இப்போது உடற்பயிற்சிக் கூடங்களில் செய்யப்படும் பர்ப்பியில் நடுவே ஒரு தண்டாலும் முடிவில் ஒரு துள்ளலும் சேர்ந்திருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது அவ்விரண்டும் இல்லாத பழைய வடிவம். 1930களில் நியூயார்க்கில் ராயல் பர்ப்பி என்னும் உடலியங்கியல் அறிஞர் அதை வகுத்தது, ஒருவரின் உடல்தகுதியை விரைவாக அளந்து பார்ப்பதற்காகத்தான். நான்கே முறை செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எண்ணுவதே அவருடைய சோதனை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவம் அதைத் தன் தகுதித் தேர்வில் சேர்த்துக்கொண்டது.

முதல் எண்ணிக்கையில் குந்தி, உள்ளங்கைகளைத் தோள்களுக்கு நேர்க்கீழே ஊன்ற வேண்டும். இரண்டில் இரு கால்களையும் பின்னே வீசி, கைகளிலும் கால்விரல்களிலும் உடலை நேராகத் தாங்கும் பிளாங்க் நிலைக்குச் செல்ல வேண்டும். மூன்றில் கால்களை மீண்டும் கைகளருகே கொண்டுவந்து, நான்கில் எழுந்து நிற்க வேண்டும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த வரிசையில் உண்மையான வேலை இரண்டாம் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. கால்களைப் பின்னே வீசும் வேகத்தில் இடுப்பு தரையை நோக்கித் தொய்ந்தால், அந்த அதிர்வைக் கீழ்முதுகு தாங்க வேண்டியதாகிறது. வீசுவதற்குச் சற்று முன்பே வயிற்றையும் புட்டத்தசைகளையும் இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி கால்களை அனுப்பும்போது, தலை முதல் குதிகால் வரை உடல் ஒரே கோட்டில் நிற்கிறது. பக்கவாட்டில் கைப்பேசியை நிறுத்திப் படம்பிடித்துப் பார்த்ததில், களைப்பு ஏறியதும் முதலில் குலைவது இந்தக் கோடுதான் என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆகவே, எத்தனை முறை செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்வதை விட்டுவிட்டு, இடுப்பு தொய்யும் இடத்தில் அந்தச் சுற்றை நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாம் எண்ணிக்கையில் நுனிக்கால்களில் மட்டும் இறங்கினால் முழங்கால்கள் முன்னே தள்ளப்படுகின்றன. பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, குதிகாலும் தரையில் படும்படி இறங்கினால் எழுவது இலகுவாகிறது. இடுப்பு மூட்டு அவ்வளவு மடங்காதவர்கள் கால்களை ஒவ்வொன்றாகப் பின்னும் முன்னும் எடுத்துவைத்தே செய்யலாம். வேகம் குறையுமே தவிர, பயன் கெடாது. வழுக்கும் பளிங்குத் தரையில் காலுறையோடு செய்வதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

ஒரு சுற்று முடிந்ததும் மணிக்கட்டில் நாடியைப் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கிக் குறித்துக்கொள்கிறேன். ஒரு நிமிடம் ஓய்ந்தபின் மறுபடியும் எண்ணுகிறேன். சுற்று முடிந்த உடனே வரும் எண் அதிகம் மாறவில்லை. ஆனால் ஓய்வுக்குப் பின் வரும் எண் முன்பைவிட நன்றாகவே இறங்கியிருக்கிறது. துள்ளலைச் சேர்க்கும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். சுற்றின் கடைசி பர்ப்பியிலும் இடுப்பு தொய்யாத நிலை வரும்வரை அதைச் சேர்ப்பதாக இல்லை.