வழவழ, மேடு, மேடு

மாஸ்க் கண்ணாடிய கறுப்பா மூடிட்டாங்க. இனிமே கையில இருக்குற ஹோஸ் மட்டும்தான் கண்ணு.

பென்சில்வேனியால எங்க ஊர் வாலண்டியர் தீயணைப்புக் குழுவுல இன்னைக்கு ராத்திரி ட்ரில். தவழ்ந்துகிட்டே ஹோஸ் ஜாயிண்ட்ட தடவிப் பாக்கணும், முதல்ல வழவழன்னு இருந்து அப்புறம் அடுத்தடுத்து ரெண்டு மேடு தட்டுப்பட்டா அந்தத் திசையிலதான் பம்ப், அதான் வெளிய போற வழி. மாத்திப் போனா நேரா தீக்குள்ள.

தடி கையுறைக்குள்ள எனக்கு ஒண்ணுமே புரியல, அப்படியே உறைஞ்சுட்டேன் போல, முதுகுல மாட்டுன காத்து சிலிண்டரோட பெல்ட்ல இருக்குற அலாரம் கத்த ஆரம்பிச்சிருச்சு. 30 செகண்ட் அசையலன்னா ஆள் விழுந்துட்டான்னு அது கத்தும்.

பின்னாடி வந்த பெரியவர் என் பூட்ஸப் புடிச்சாரு. "மூச்ச மெதுவா விடு, நான் இங்கதான் இருக்கேன்"னாரு. பகல்ல அவர் பிளம்பர். இங்க எங்க யாருக்கும் சம்பளம் கிடையாது.

1736ல பிலடெல்பியாவுல பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அக்கம்பக்கத்து ஆளுங்களச் சேத்து ஆரம்பிச்ச தீயணைப்புக் குழுவும் இதே மாதிரிதான். இன்னைக்கும் அமெரிக்காவுல தீயணைக்குறவங்கள்ல பாதிக்கு மேல வாலண்டியர்ஸ்.

மறுபடி தடவினேன். வழவழ. மேடு. மேடு.

பூட்ஸ்ல அந்தக் கை அப்பவும் இருந்துச்சு.