முள்ளம்பன்றி பன்றி இல்லையாம்

காலாண்டு லீவு விட்ட அன்று சாயங்காலமே மகள் ஒரு தாளை நீட்டினாள். ஏழாம் வகுப்பு அறிவியல் செயல்திட்டம். காட்டில் வாழும் விலங்குகள், தாவரங்கள் சிலவற்றை நேரில் பார்த்து வகைப்படுத்த வேண்டும். கீழே மூன்று கட்டங்கள்: பெயர், வகை, எப்படி அடையாளம் கண்டாய்?

"நெட்ல இருந்து எடுக்கக் கூடாதாம்ப்பா. நேர்ல பாத்ததை மட்டும்தான் எழுதணுமாம்."

திருப்பூரில் எங்கள் தெருவில் நேரில் பார்க்கக் கிடைப்பது நாலு நாயும், பனியன் வேஸ்ட் மூட்டையை முகர்ந்து பார்க்கும் ஒரு மாடும்தான். சரி, வால்பாறை போகலாம் என்றேன்.

என் அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "காட்டுல இருக்கறதப் பாக்கோணும்னா நம்ம காட்டுக்குப் போனாப் போதாதா? மூலனூர்ல கெடக்குது ஆறு ஏக்கரா. அதுக்கு எதுக்கு சாமி பெட்ரோல் போட்டு மலைக்குப் போகோணும்?" கொங்கு நாட்டில் காடு என்றால் மானாவாரி நிலம். கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம். புலி இருக்கிற இடத்துக்கு அம்மா வைத்திருக்கும் பெயர் மலை. ஆக, பயணம் கிளம்பும் முன்பே முதல் கட்டத்தில் தகராறு.

அன்று ராத்திரி மகளுக்குப் பயிற்சி கொடுக்க உட்கார்ந்தேன். "பயப்படாதே. தமிழ்ல விலங்கோட பேர்லயே அதோட வகை இருக்கும். முள்ளம்பன்றி, பன்றி வகை. கேளையாடு, ஆட்டு வகை. மரநாய், நாய் வகை. நீர்நாய், அதுவும் நாய்தான், நீச்சல் தெரிஞ்ச நாய். கழுதைப்புலி..." இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன். கழுதையா, புலியா?

அவள் புத்தகத்தையும் என் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். முள்ளம்பன்றி எலி, அணில் போலக் கொறிக்கும் கூட்டம். மரநாய் பூனைப் பக்கத்து உறவு. நீர்நாய் நாய்க் குடும்பத்திலேயே இல்லை. கழுதைப்புலி கழுதையும் இல்லை, புலியும் இல்லை, தனிக் குடும்பம். கேளையாடு இருக்கிறதே, அது ஆட்டை விட்டு ஒரேயடியாக விலகி மான் கூட்டத்தில் நிற்கிறது. குரைப்பதோ நாய் மாதிரி!

ஐந்துக்குச் சைபர். மனைவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் விடிகாலையில் கிளம்பினோம். பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு நெருங்கும்போது வேலியோரத்தில் செங்காந்தள் பூத்திருந்தது. சுடர் மாதிரி மேல்நோக்கி வளைந்த இதழ்கள், அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. வண்டியை ஓரங்கட்டினேன். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும், தமிழ்நாட்டின் மாநில மலர். இலை நுனி கம்பி போலச் சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஏறும். அந்தச் சுருளை விரலால் தொட்டுக் காட்டி, "குறிச்சுக்கோ" என்றேன் கம்பீரமாக.

அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அட, இது நம்மூர்க் கண்வலிக்கிழங்கு. பந்தல் போட்டு ஏக்கரா கணக்குல வெச்சிருக்கறாங்க. வெதைக்கு நல்ல வெலை. இதைப் போய்க் காட்டுச் செடின்னு எழுதிப்போடாத கண்ணு, டீச்சர் சிரிப்பாங்க."

சொன்னது பொய்யில்லை. அந்த விதையில் இருந்து கோல்சிசின் என்ற மருந்துப் பொருள் எடுக்கிறார்கள். மூலனூர்ப் பக்கம் அது பணப்பயிர். கிழங்கும் விதையும் கடும் விஷம் என்பது வேறு விஷயம். மகள் பேனாவைக் கடித்தபடி கேட்டாள், "அப்போ காட்டுச் செடியா, தோட்டச் செடியா?" இரண்டும் என்று எழுதச் சொன்னேன். ஆரம்பமே சமரசம்.

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. கீழே அணை தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும். நாங்கள் அணையைப் பார்க்கவில்லை. சாலையோரத் தடுப்புச் சுவரின் மேலேயே ஐந்து வரையாடுகள் நின்றுகொண்டிருந்தன. நாலு பழுப்பு நிறம். ஒன்று மட்டும் கறுத்து, முதுகில் வெள்ளிப் போர்வை போட்ட மாதிரி நரைத்த பெரிய கிடா. பக்கத்தில் இருந்த நாற்பது பேரும் செல்பி எடுக்க, அது எந்த அலட்டலும் இல்லாமல் அசை போட்டது. நமது மாநில விலங்கு.

"இது ஈஸிப்பா. வரையாடு, ஆட்டு வகை."

முந்தின ராத்திரி வாங்கிய அடி எனக்கு நினைவிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. அம்மா திறந்தார். "ஆடுன்னா என்ன ஆடு? வெள்ளாடா, செம்மறியா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் அணையைப் பார்த்தேன்.

அம்மா இறங்கி, இடுப்பில் கை வைத்து, சந்தையில் கிடா பார்க்கிற தோரணையில் நின்றார். முப்பது வருஷம் கொறங்காட்டில் ஆடு மேய்த்தவர். கண்ணை இடுக்கி மூக்கு, கொம்பு, தாடை என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளாட்டுக் கெடான்னா தாடி இருக்கோணும். இதுக்கு எங்க இருக்குது தாடி? மூஞ்சியும் செம்மறியாட்டத்தான் இருக்குது. செம்மறின்னு எழுது கண்ணு."

"அம்மா, செம்மறி பாறையில ஏறுமா? பேசாம வாங்க" என்றேன். மகளும் 'ஆட்டு வகை' என்று எழுதிக் கட்டத்தை மூடினாள். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் என் மனைவியும் ஒரு வகைப்பாட்டை உருவாக்கி வைத்திருந்தார். கார் கண்ணாடியை ஏற்ற வேண்டிய விலங்கு, ஏற்ற வேண்டாத விலங்கு. அவ்வளவுதான். ஆழியாறிலேயே நாட்டுக் குரங்கு ஒன்று எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு ஓடிய பிறகு பிறந்த முறை இது. சொன்னால் சொல்லுங்கள், அந்தப் பயணத்தில் ஒரு தடவைகூடத் தவறாத ஒரே முறை அதுதான்.

வால்பாறை ஊருக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பட்டையாக ஏதோ தொங்கியது. குரங்குகள் சாலையில் இறங்காமல் கடக்க, பழைய தீயணைப்புக் குழாயில் செய்து கட்டிய பாலமாம். அந்தப் பாலத்துக்கு நேர் கீழே, சாலையோரத்தில், கறுப்புக் குரங்குகள் பத்துப் பதினைந்து உட்கார்ந்து பலாக்கொட்டை தின்றுகொண்டிருந்தன. பாலம் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. நம்ம ஊர் நடைமேம்பாலம் நினைவுக்கு வந்தது.

"கருமந்தி!" என்றேன். உடம்பு கறுப்பு, இனம் மந்தி. இதில் எப்படித் தப்பு வரும்?

வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் ஜன்னலருகே குனிந்தார். "இல்லீங்க சார், இது சிங்கவால் குரங்கு. கருமந்தி வேற. அதுக்குத் தலை மட்டும் பழுப்பா இருக்கும், வால் நல்லா நீளம், இலைதான் ரொம்பத் திங்கும். இதுக்கு மூஞ்சியைச் சுத்தி வெள்ளையா முடி இருக்கு பாருங்க."

விட்ட மானத்தை மீட்க அவசரப்பட்டேன். "பாத்தியா பாப்பா, சிங்கத்துக்கு இருக்கிற மாதிரி பிடரி. அதனாலதான் சிங்கவால்னு பேரு."

மகள் ரொம்ப நிதானமாகக் கேட்டாள். "அப்பா, பிடரி இருக்குன்னு யாராவது வால்னு பேர் வைப்பாங்களா?"

அப்போது ஒரு குரங்கு திரும்பி உட்கார்ந்து வாலைக் காட்டியது. நுனியில் அச்சு அசலாகச் சிங்கத்தினுடையது போலவே ஒரு குஞ்சம். கண்காணிப்பாளர் நல்ல மனுஷர், சிரிக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் வாழாத குரங்கு, எனக்குப் பாடம் எடுப்பதற்காகவே திரும்பிய மாதிரி இருந்தது.

மறுநாள் காலை தேயிலைத் தோட்டத்துச் சாலையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். பனி. சரிவில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. பெயரில் ஓக் இருந்தாலும் அது ஓக் இல்லை, ஆஸ்திரேலியாவில் இருந்து நிழலுக்காகக் கொண்டுவந்த வேறு மரம். இதை நான் முன்கூட்டியே போனில் படித்து வைத்துக்கொண்டேன். பட்டால்தானே புத்தி வரும்.

திடீரென்று மனைவி கையைப் பிடித்தார். "ஏனுங்க, அதோ யானை!"

தேயிலைக்கு நடுவில், தூரத்தில், சாம்பல் நிறத்தில் பெரிய முதுகு. வண்டியை நிறுத்தினேன். எல்லோரும் மூச்சை அடக்கிப் பார்த்தோம். "காது ஆடுதுப்பா" என்றாள் மகள். "தும்பிக்கை கீழ இருக்குது, மண்ணைக் கிளறுது" என்றார் அம்மா. பின்னால் ஒரு வேன் நின்றது. அப்புறம் இரண்டு கார். கால் மணி நேரத்தில் ஏழு வண்டி. ஒருவர் தன் பையனைத் தோளில் தூக்கி வைத்து, அது ஆண் யானை, தந்தம் அந்தப் பக்கம் மறைந்திருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன்.

கொழுந்து பறிக்கப் போன அம்மா ஒருவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்து நின்றார். "என்ன பாக்குறீங்க?"

"யானைங்க."

"அது பாறைங்க. எப்பவும் அங்கதான் இருக்கும்." சொல்லிவிட்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் பார்த்து, குரலே மாறாமல் சொன்னார்: "காட்டுமாடு நிக்குது. எல்லாரும் வண்டியில ஏறிக்குங்க."

திரும்பினேன். இருபதடி தூரத்தில், மேட்டுச் சரிவில், சாலையின் மறுபக்கம். கருங்கல்லில் வார்த்த மாதிரி உடம்பு, தோளில் பெரிய திமில் மேடு, நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ். நாங்கள் பாறையைப் பார்த்த கால் மணி நேரமும் அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மூக்கில் இருந்து வந்த ஆவி எனக்குத் தெரிந்தது. தந்தத்தை விளக்கியவர்தான் முதலில் வண்டியில் ஏறினார், பையனை மறந்துவிட்டு. பிறகு இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போனார்.

கண்ணாடிகளை ஏற்றிய பிறகு மகள் நோட்டை எடுத்தாள். "காட்டெருமை. எருமை வகை."

"மாட்டு வகைன்னு எழுது" என்றேன் நடுங்கிக்கொண்டே. ஆள் பாதி செத்திருந்தாலும் இதில் மட்டும் நான் சரி. நாம் காட்டெருமை என்று சொன்னாலும் அது எருமை இல்லை, நம் வீட்டு மாடு இருக்கும் அதே பேரினம். கொழுந்து பறிக்கிற அந்த அம்மா வாயில் சரியாகத்தான் வந்தது, காட்டுமாடு. பெரிய காளை ஆயிரம் கிலோ வரை போகும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மனைவி, "அதை இப்பச் சொல்ல வேண்டாம்" என்றார்.

செடிகள் பக்கம் என் அனுபவம் சுருக்கமானது. போனில் இலையைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலி ஒன்றை இறக்கி வைத்திருந்தேன். உண்ணிச்செடியைச் சரியாகச் சொன்னது. அதே தைரியத்தில் சாலையோரம் சுணை படர்ந்த ஓர் இலையைப் பிடித்து விரித்துப் படமெடுத்தேன். செயலி யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் விரல்கள் பதிலைக் கண்டுபிடித்துவிட்டன. செந்தட்டி. நெருப்புப் பட்ட மாதிரி எரிச்சல், அப்புறம் தடிப்பு. "தொடாதன்னு சொல்றதுக்குள்ள தொட்டுப்போட்டான்" என்று அம்மா மகளிடம் சொன்னார், ஏதோ நான் அங்கே இல்லாத மாதிரி. மகள் மூன்றாவது கட்டத்தில் எழுதினாள்: 'அப்பாவின் கை மூலம்.'

விடுதிக்கு வந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். உருண்டு திரண்ட அட்டை ஒன்று கீழே விழுந்தது. வளைதசைப் புழு, மண்புழுவுக்குச் சொந்தம். நோட்டில் ஏறியது. அடையாளம் கண்ட விதம்: 'தானே வந்தது.'

ராத்திரி சாப்பிடும்போது, கடைசியாகக் கொஞ்சம் கௌரவம் மிச்சம் இருக்கட்டும் என்று தொல்காப்பியத்தை எடுத்துவிட்டேன். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்தவர்கள் நாம். வெளியே வைரம், அதாவது கெட்டியான பாகம், இருந்தால் புல், உள்ளே வைரம் இருந்தால் மரம் என்று அப்போதே சொல்லி வைத்தார்கள். மகள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "அப்ப பனைக்கு வெளியதானே வைரம்? பனை புல்லா?"

"ஆமா."

"நம்ம மாநில மரம் பனைதானேப்பா?"

அன்றைக்கு நான் அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை. உயிரினங்களை வகைப்படுத்தும் முறையை வகுத்துக் கொடுத்த லின்னேயஸே 1735-இல் போட்ட பட்டியலில் திமிங்கலத்தை மீன்களோடு வைத்துவிட்டு, 1758-இல்தான் பாலூட்டிப் பக்கம் மாற்றினார். அவருக்கு இருபத்து மூன்று வருஷம் கொடுத்தார்கள், எனக்கு இரண்டு நாள்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு போனில் வரையாட்டைப் பற்றிப் படித்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ரொம்ப காலம் வரையாட்டை இமயமலைத் தார் ஆட்டின் பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2005-இல் மரபணுவைப் பிரித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், இது அதற்கு நெருக்கமே இல்லை, செம்மறிக்குத்தான் கிட்டத்து உறவு என்று கண்டு, தனிப் பேரினமாக நீலகிரிட்ராகஸ் என்று பெயர் மாற்றினார்கள்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. காலையில் மகளிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவள் மூன்றே நொடியில் ஆத்தாவிடம் சொல்லிவிட்டாள். "மரபணுவோ என்னமோ. தாடியைப் பாத்தாத் தெரியாதா?" என்று அவர் வெற்றிலையை மடித்தார். நோட்டில் 'ஆட்டு வகை' அடிக்கப்பட்டு, 'செம்மறிக்குச் சொந்தம். அடையாளம்: தாடி இல்லை (ஆத்தா)' என்று ஏறியது.

நேற்று நோட்டு திரும்பி வந்தது. அட்டைக்கு ஒரு டிக், செந்தட்டிக்கு இரண்டு டிக். வரையாட்டுக்கு மட்டும் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி, பக்கத்தில் 'வெள்ளாட்டு இனம்' என்று திருத்தம்.

காலையில் இருந்து அம்மா நல்ல சேலையாகத் தேடிக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அந்த டீச்சரம்மா இதுவரை எத்தனை கிடா வளர்த்திருக்கிறார் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டுமாம். வண்டிச் சாவியை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அது என் சட்டைப் பையில் இருப்பது மகளுக்கு மட்டும் தெரியும்.