60 வாட் பல்பும் 840 வாட் அப்பாவும்

மகளுக்கு வீட்டுப்பாடத்தில் ஒரே ஒரு கணக்கு. 230 வோல்ட்டில் இயங்கும் இஸ்திரிப் பெட்டியில் 5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அதன் மின்தடை என்ன, மின்திறன் என்ன? வகுத்தால் 46 ஓம், பெருக்கினால் 1,150 வாட். அவளே போட்டுவிட்டாள். அத்தோடு நோட்டை மூட விட்டிருந்தால் அன்றைய மாலை நிம்மதியாகக் கழிந்திருக்கும்.

"தாளில் போட்டால் போதுமா? கண்ணால் பார்க்க வேண்டாமா?" என்று, வாங்கிய நாளிலிருந்து உறையிலேயே தூங்கிக்கொண்டிருந்த மல்டிமீட்டரை வெளியே எடுத்தேன்.

முதலில் கெட்டில். அடிப்பக்கம் 230 வோல்ட், 1,500 வாட் என்று அச்சிட்டிருந்தது. அப்படியானால் மின்னோட்டம் சுமார் 6.5 ஆம்பியர், மின்தடை 35 ஓம் சொச்சம் இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அளந்தேன். மின்சாரம் ஓடும்போது ஓம் அளப்பது மீட்டருக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது. திரையில் 35.6! 1827-இல் ஜார்ஜ் சைமன் ஓம், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை என்ற தன் விதியை நூலாக வெளியிட்டபோது அவரை யாரும் உடனே கொண்டாடிவிடவில்லை. என் வீட்டிலும் அதே கதைதான். "தண்ணீர் கொதிக்குமா, இல்லையா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

அடுத்து, 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி அளந்தேன். 63 ஓம்.

230-ஐ 63-ஆல் வகுத்தேன். 3.65 ஆம்பியர். அதை 230-ஆல் பெருக்கினேன். சுமார் 840 வாட்! மறுபடியும் போட்டேன். கால்குலேட்டரை மாற்றிப் போட்டேன். அதே 840. அறுபது என்று எழுதி ஒட்டிவிட்டு எண்ணூற்று நாற்பதை விழுங்கும் பல்பா? "பகல் கொள்ளை!" என்று கத்தினேன். கத்தியபோது மணி இரவு எட்டு. வீட்டில் மிச்சமிருந்த குண்டு பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் அடுக்கினேன். எல்லாமே கூட்டுக் களவாணிகள். ஒன்றுகூட 65 ஓமைத் தாண்டவில்லை.

மகள் பாடப்புத்தகத்தை என் முன் வைத்தாள். "அப்பா, ஓம் விதியின் முதல் இரண்டு சொற்களைப் படியுங்கள்."

"மாறா வெப்பநிலையில்…"

பள்ளிக் காலத்தில் அதை ஏதோ கடவுள் வாழ்த்துபோல் முணுமுணுத்துவிட்டுத் தாண்டிப்போனவன் நான். எரியும்போது பல்பின் டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியசை ஒட்டிச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் மின்தடை பதினான்கு மடங்காகி 880 ஓமுக்கு ஏறிவிடுகிறது. மின்னோட்டம் 0.26 ஆம்பியர், மின்திறன் அதே 60 வாட். கெட்டிலின் கம்பி அவ்வளவு சூடேறுவதும் இல்லை, சூட்டுக்கு அதன் தடை பெரிதாக மாறுவதும் இல்லை. அதனால்தான் அங்கே என் மானம் தப்பியது.

"ஆனாலும், சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் இழை குளிர்ந்துதானே இருக்கிறது? கண்ணிமைக்கும் நேரத்துக்காவது நான் சொன்ன மின்னோட்டம் பாயத்தானே செய்யும்? பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே பட்டென்று போவது அதனால்தானே?" என்றேன், விடாமல்.

"சரிதான். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் நீங்கள் சொன்னது சரி" என்றாள்.

அதுவே போதும் என்று எழுந்து, மேசை மேலிருந்த பல்புகளைத் திரும்ப மாட்டுவதற்காக இருட்டில் நாற்காலியைத் தேடப் போனேன்.