கோல்ஃப் கார்ட்டில் ஸ்டீரியோ: முதலில் 12 வோல்ட்டைச் சரியாக எடுங்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பீச்ட்ரீ சிட்டிக்குக் குடிவந்தால் கோல்ஃப் ஆடத் தெரியாதவர்களும் கோல்ஃப் கார்ட் வாங்கிவிடுவார்கள். மரங்களுக்கு நடுவே சுமார் 160 கிலோமீட்டருக்குத் தனிப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். கடைக்கு, நூலகத்துக்கு, ஏரிக்கரைக்கு எல்லாம் அதிலேயே போய்வரலாம், உயர்நிலைப் பள்ளி வாசலில் மாணவர்களின் கார்ட்டுகள் வரிசைகட்டி நிற்கும். யமஹா கார்ட்டுகள் பக்கத்து ஊரான நியூனனிலேயே தயாராகின்றன, கிளப் கார், இ-ஸி-கோ என்ற மற்ற இரண்டு கம்பெனி கார்ட்டுகளும் அதே மாநிலத்தின் அகஸ்டா பக்கம். அரைமணி நேரம் சாவகாசமாக ஓட்டிக்கொண்டு போகிற வண்டியில் பாட்டு இல்லாவிட்டால் எனக்கு ஒப்பாது.

நாங்கள் வாங்கியது பழைய கிளப் கார் பிரெசிடென்ட் (Precedent) மாடல். 48 வோல்ட் வண்டி, சீட்டுக்கு அடியில் 8 வோல்ட் பேட்டரி ஆறு. வரும்போதே டேஷ்போர்டில் ஒரு கார் ஸ்டீரியோ இருந்தது, ஆனால் உயிர் இல்லை. சீட்டைத் தூக்கி வயரைத் தொடர்ந்து பார்த்தால், முன்பு வைத்திருந்தவர் ஆறில் இரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் ஸ்டீரியோவுக்கு மின்சாரம் இழுத்திருக்கிறார். மல்டிமீட்டரை வைத்தேன். மற்ற நான்கும் 8.4 காட்டின, அந்த இரண்டு மட்டும் 8-க்குக் கீழே.

இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். கார் ஸ்டீரியோ ஓடுவது 12 வோல்ட்டில், ஆகவே கோல்ஃப் கார்ட்டில் அதை மாட்டுவது என்றால் முக்கால்வாசி வேலை 12 வோல்ட்டை ஒழுங்காக எடுப்பதுதான், ஸ்பீக்கர் எல்லாம் அப்புறம். பேட்டரிகள் வரிசையாகக் கோத்திருப்பதால் சார்ஜர் ஏற்றும் மின்சாரம் எல்லாவற்றுக்குள்ளும் ஒரே அளவில்தான் போகும், அது பார்ப்பதும் மொத்த வோல்டேஜைத்தான். இரண்டை மட்டும் கூடுதலாகக் காலி செய்தால் அந்த இரண்டும் முழுசாக நிரம்பாமலே நாள் கணக்கில் கிடந்து உள்ளே சல்ஃபேட் படிந்துபோகும், மற்ற நான்கும் தேவைக்கு மேல் சார்ஜ் ஆகித் தண்ணீரைக் கொதிக்கவிடும். கடைசியில் ஆறையுமே மாற்ற வேண்டி வரும். போதாததற்கு இரண்டு 8 வோல்ட் சேர்ந்தால் 16 வோல்ட், முழு சார்ஜில் 17, சார்ஜர் ஓடும்போது இன்னும் மேலே போகும். 14.4 வோல்ட்டுக்காகச் செய்த ஸ்டீரியோ அதை எத்தனை நாள் தாங்கும்? 36 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்தால் சரியாக 12 வரும் என்பதால் அங்கே இந்த ஆசை இன்னும் அதிகம். தயவுசெய்து வேண்டாம்.

செய்ய வேண்டியது, ஆறு பேட்டரிக்கும் சேர்த்து இரு முனையிலிருந்தும் 48 வோல்ட்டை எடுத்து, அதை 12 ஆக்கும் டிசி கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டுவது. கடைகளில் வோல்டேஜ் ரெடியூசர் என்று கேட்டால் தருவார்கள். நான் போட்டது 20 ஆம்பியர். ஸ்டீரியோவும் நான்கு ஸ்பீக்கரும் ஒரு போன் சார்ஜரும் அதற்குள் தாராளமாக அடங்கும். ஏற்கனவே விளக்குகளுக்காக ஒரு ரெடியூசர் இருந்தால் அதையே பயன்படுத்தலாம், ஆனால் அது எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிட்டு. உள்ளீடும் வெளியீடும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐசொலேட்டட் வகையாக வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடுதல்தான். காரில் கறுப்பு வயரை பாடியில் எங்காவது முறுக்கிவிடுவோம் அல்லவா, கார்ட்டில் அந்தப் பழக்கம் கூடாது. இங்கே ஃபிரேமுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்டீரியோவின் கறுப்பு வயர் கன்வெர்ட்டரின் 12 வோல்ட் நெகட்டிவுக்குத்தான் போக வேண்டும்.

கிளப் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. என்னுடையது மாதிரி பழைய 48 வோல்ட் வண்டிகளில் ஆன்போர்டு கம்ப்யூட்டர் என்று ஒரு பெட்டி இருக்கும். பேட்டரியின் மெயின் நெகட்டிவ் கேபிள் அதன் வழியாகத்தான் போகும், எவ்வளவு மின்சாரம் வெளியே போனது என்று அது கணக்கு வைத்து அதற்கேற்பத்தான் சார்ஜ் ஏற்றும். கன்வெர்ட்டரின் நெகட்டிவை நேராக பேட்டரி முனையில் மாட்டினால் நாம் பாட்டுக் கேட்டது அந்தக் கணக்கில் ஏறாது. அதனால் பெட்டியைத் தாண்டி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார் கன்ட்ரோலரின் பி-மைனஸ் என்ற நெகட்டிவ் முனையில் மாட்டினேன்.

கை வைக்கும் முன் சாவியை எடுத்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சை டோ (Tow, வண்டியை இழுத்துப் போகும் நிலை) பக்கம் தள்ளி, மெயின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மோதிரம், கடிகாரம் கையில் இருக்கக் கூடாது. ஸ்பேனரின் பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், கை தவறி இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்தால் இரும்பே உருகும். சார்ஜ் ஏறி முடிந்த உடனே வேண்டாம், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வந்திருக்கும், சீட்டைத் திறந்து காற்றாட விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பாசிட்டிவ் வயரில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வேண்டும். காரில் போடும் சாதாரண பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்குத்தான், 48 வோல்ட்டில் அது எரியும்போது அதற்குள் தீப்பொறி அறுபடாமல் தொடரக்கூடும். 60 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் டிசி ஃபியூஸ் கேட்டு வாங்குங்கள். கன்வெர்ட்டரை பேட்டரிக்கு மேலேயே வைக்காமல், ஆசிட் ஆவி படாதபடி டேஷ்போர்டுக்குப் பின்னால் திருகினேன்.

கன்வெர்ட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் பாட்டு இல்லாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரியைக் குடிக்கும், குளிர்காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அது நல்லதல்ல. சாவியோடு சேர்த்து அணையும்படி ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச், போடுங்கள். சாவி வயரில் வருவது 48 வோல்ட், ஆகவே ரிலேயின் காயிலும் 48 வோல்ட்டுக்கானதாக இருக்க வேண்டும். ஸ்டீரியோவில் மஞ்சள் வயர் கடிகாரம், செட்டிங் எல்லாம் மறக்காமல் நினைவில் வைப்பதற்கு, சிவப்பு சாவியோடு ஆன் ஆவதற்கு. கடிகாரம் எல்லாம் எனக்குத் தேவையில்லை என்பதால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சரி, ஸ்பீக்கர். படகுகளுக்கான மெரைன் வகைதான் இங்கே சரி, மழையும் வெயிலும் நேராக அடிக்கிற இடத்தில் காகிதக் கோன் நிற்காது. கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, பேஸ் அப்படியே காற்றோடு போய்விடும், அதனால் ஆறரை அங்குல ஸ்பீக்கரை வெறும் பிளாஸ்டிக் டேஷில் ஓட்டை போட்டுச் செருகாமல் மூடிய பெட்டியில் வைத்து, முகத்தைப் பார்க்கச் சாய்த்து மாட்டினேன். தவில் அடி நெஞ்சில் விழுகிறது, அதற்குமேல் எனக்கு வேண்டாம். பிளஸ் மைனஸ் சந்தேகம் வந்தால் ஒன்றரை வோல்ட் செல்லை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், கோன் வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்டது ஸ்பீக்கரின் பிளஸ். ஒன்று மட்டும் மாறிவிட்டாலும் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போகும்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு சத்தம் ஏறினால் அது மோட்டார் கன்ட்ரோலரின் வேலை. ஆடியோ வயரை மோட்டார் கேபிள்களோடு சேர்த்துக் கட்டாமல் வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோங்கள், பெரும்பாலும் அதிலேயே போய்விடும். சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்ற கவலையும் வேண்டாம். சாதாரண சத்தத்தில் ஸ்டீரியோ எடுப்பது 48 வோல்ட் பக்கத்தில் ஓரிரு ஆம்பியர்தான், மோட்டாரோ பல பத்து ஆம்பியர் இழுக்கிறது. சத்தத்தை மட்டும் பார்த்து வையுங்கள். அதே பாதையில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வருகிறார்கள், பின்னால் அடிக்கிற மணி காதில் விழ வேண்டும்.